சப்தம் நின்றது!

நேயர்களே! முதலிலேயே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறோம். இந்தக் கட்டுரையில் 'நாம்' என்று வருமிடமெல்லாம் ஒரே ஓர் ஆசாமியைத்தான் குறிக்கும். செங்கற்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் பௌதிக சாஸ்திரம் போதித்து ஜீவனம் செய்யும் நாற்பத்தாறு வயது உபாத்தியாயர் அவர். 'நாம்' என்று எழுதுவதில் ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது. செய்த முட்டாள்தனத்தில் வாசகர்களுக்கும் ஒரு பங்கு கொடுத்துவிடலாம் அல்லவா? இன்றைக்கு அந்தச் சௌகரியம் நமக்கு நிரம்பவும் தேவைப்படுகிறது.

நம்மிடம் ஒரு மோட்டார் கார் உண்டு. அதன் குலம் கோத்திரங்களைச் சொல்லப் போவதில்லை. வயது இருபத்திரண்டு. மனிதனுக்கு அது கல்யாண வயது. காருக்கோ சஷ்டியப்தபூர்த்தியும் கடந்த வயது. அந்தக் கார் பிறந்த நாளிலிருந்தே அதில் ஏ.ஸி. என்னும் குளிர்சாதனம் இருந்து வருகிறது. அதை வெகுகாலம் வரையில் நாம் வீண் ஆடம்பரமென்றே கருதி வந்தோம். ஜன்னலைத் திறந்தால் பகவான் கொடுக்கும் காற்று இருக்க, பெட்ரோலைச் செலவழித்துக் குளிர் வாங்குவானேன்? இப்படி வகுப்பிலேகூட ஒரு முறை பிரசங்கம் செய்ததுண்டு.

அந்தப் பிரசங்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தவர் ஒரு வைத்தியர்.

நம் தாயாருக்கு எழுபத்தெட்டு வயது. கோடையும் குளிருமாக வருஷத்தின் பெரும் பகுதியை மாமல்லபுரத்தில் நம் தமக்கையாரின் வீட்டிலேதான் கழிக்கிறாள். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள வீடு. கொளவாய் ஏரிப் பக்கத்துக் காற்றைவிடக் கடற்காற்றுதான் அவளுக்கு ஒத்துக்கொள்கிறது. ஆனால் அவளுக்குப் பழக்கப்பட்ட வைத்தியர் செங்கற்பட்டில் இருக்கிறார். ஆகவே மாதத்துக்கொரு முறை முதல் நாள் மாலையே நாம் மாமல்லபுரம் போய், இரவு தங்கி, காலையில் தாயாரை அழைத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கற்பட்டு வருவோம். வைத்தியரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது உச்சி வேளை ஆகிவிடும். போகும் தூரம் சுமார் 30 கிலோ மீட்டர்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வைகாசி மாதத்தில், ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு இப்படி ஒரு பிரயாணம் செய்தோம். வீடு போய்ச் சேர்ந்ததும் தாயார் மயங்கி விழுந்தாள். வைத்தியர் நம்மைப் பிடித்துக்கொண்டார். "வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது, சார்! வியர்வையும் குறைந்துவிடும். உடம்பில் ஏறிய உஷ்ணம் வெளியே போக வழி தெரியாமல் உள்ளேயே தங்கிவிடும். உங்கள் காரில் ஏ.ஸி. இருக்கிறதல்லவா? அதைப் போடுவதற்கென்ன?" என்றார். அன்றிலிருந்து ஏ.ஸி. நமக்கு ஆடம்பரமாக இல்லை; தாயாருக்கு எழுதிக் கொடுத்த மருந்துகளில் ஒன்றாகிவிட்டது.

இந்த வருஷம் பங்குனி மாதத்தில் ஒரு நாள் காரைக் கிளப்பியதும் "கீச்!" என்று ஒரு சப்தம் கேட்டது. சுண்டெலி ஒன்று எஞ்சினுக்குள் அகப்பட்டுக்கொண்டதோ என்று பார்த்தோம். எலி இல்லை. ஏ.ஸி.யைப் போட்டால் சப்தம் "கிரீச்!" என்று உயர்ந்தது. தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நம் வீட்டம்மாள், "மெக்கானிக்கிடம் காட்டுங்களேன்" என்றாள்.

மெக்கானிக்கா? பௌதிக சாஸ்திரத்தில் பட்டம் பெற்றுவிட்டு, ஒரு கீச்சுச் சப்தத்துக்காக மெக்கானிக்கிடம் போவதா?

காரில் ஏ.ஸி. வேலை செய்யும் விதத்தை வாசகர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கம்ப்ரஸர் என்னும் யந்திரம் ஒரு வாயுவை அமுக்கி அனுப்புகிறது. அந்த வாயு வெளிக்காற்றில் சூட்டை இறக்கிவிட்டுத் திரவமாகிறது. பிறகு அது அழுத்தம் குறைந்த இடத்தில் விரிந்து ஆவியாகும்போது காருக்குள் இருக்கும் உஷ்ணத்தை வாங்கிக்கொள்கிறது. இந்தக் கம்ப்ரஸரைச் சுழற்றுவது எஞ்சின்தான். இரண்டையும் இணைப்பது ரப்பரால் ஆன ஒரு பெல்ட். அந்தப் பெல்ட் தொய்ந்துவிடாமல் ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பது டென்ஷனர் என்று சொல்லப்படும் ஒரு சிறு கப்பி. அது எதையும் இழுப்பதில்லை. எதையும் குளிர வைப்பதுமில்லை. பெல்ட்டோடு சேர்ந்து சுழன்றுகொண்டே அதை விறைப்பாக வைத்திருப்பது ஒன்றுதான் அதன் உத்தியோகம்.

மாமல்லபுரத்துச் செம்படவர்கள் படகின் கயிற்றை ஒரு முளையிலே இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, நுனியை ஒரு சிறு பையனிடம் கொடுத்துவிடுவார்கள். படகு எவ்வளவு இழுத்தாலும் பையன் அசங்காமல் நிற்பான். கயிறு முளையைத் தழுவும் அளவும் பிடிமானத்தின் விறைப்பும் சேர்ந்து செய்கிற வேலை அது. 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் என்னும் கணித மேதை இதற்குக் கணக்குப் போட்டு வைத்தார். அதை நாம் இருபது வருஷமாகக் கரும்பலகையில் எழுதி வருகிறோம். பெல்ட் கீச்சிட்டால் அது வழுக்குகிறது என்று பொருள். வழுக்கினால் விறைப்புப் போதவில்லை என்று பொருள். எனவே இறுக்க வேண்டியதுதான்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்பானரும் கையுமாகக் காரின் முன்னால் நின்றோம். கப்பியின் நடுவிலுள்ள நட்டைத் தளர்த்தி, பக்கத்திலுள்ள போல்ட்டைத் திருகினோம். பெல்ட் விறைத்தது. காரைக் கிளப்பினோம். சப்தம் நின்றது!

மறுநாள் வகுப்பில் இந்த வெற்றியை விஸ்தாரமாக வர்ணித்தோம். "படிப்பு என்பது பரீட்சைக்கு மட்டுமல்ல" என்று முடித்தோம். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

மூன்று வாரம் கழித்து மறுபடியும் ஒரு சப்தம் எழுந்தது. இந்தத் தடவை அது கீச்சென்று இல்லை. அம்மிக் குழவியை உருட்டுவதுபோல் 'கர்ர்' என்று இருந்தது. நாம் மறுபடியும் ஸ்பானரை எடுத்தோம். முன்னைவிட இன்னும் ஒன்றரைச் சுற்று இறுக்கினோம். வீணைத் தந்தியைப்போல் பெல்ட் விண்ணென்று நின்றது. சப்தமும் பெருமளவு அடங்கிவிட்டது. மிச்சமிருந்த முணுமுணுப்பை, 'கிழக் காருக்கு அதுகூட இல்லாமலா?' என்று தள்ளிவிட்டோம்.

அக்கினி நக்ஷத்திரம் தொடங்கி நாலாம் நாள். வைத்தியரைப் பார்த்துவிட்டுத் தாயாருடன் திரும்பிக்கொண்டிருந்தோம். மணி பன்னிரண்டரை. திருக்கழுக்குன்றத்து மலையைத் தாண்டினோம். உச்சி வேளையில் கழுகுகள் வந்து பிரசாதம் உண்டு போனதாகச் சொல்லும் மலை அது. அவை வராமற்போய் வெகு வருஷங்கள் ஆகின்றன. அந்த வெயிலில் காக்கை குருவிகூடக் கண்ணில் படவில்லை. ஊரைத் தாண்டி நாலைந்து கிலோ மீட்டர் போனதும் எஞ்சினுக்குள்ளிருந்து 'கடகட' என்று ஒரு பெரும் சப்தம் வந்தது. ரப்பர் கருகும் நாற்றம் வீசியது. உள்ளே வந்துகொண்டிருந்த குளிர்ந்த காற்று அனற்காற்றாக மாறியது. வண்டியை ஓரத்தில் ஒரு புளிய மரத்தின் கீழே நிறுத்தினோம்.

மூடியைத் திறந்து பார்த்தால், பெல்ட் கழன்று, ஒரு பக்கம் நார் நாராகக் கிழிந்து, கந்தல் துணிபோல் தொங்கிக்கொண்டிருந்தது. நமக்குத் தெரிந்த பௌதிக சாஸ்திரமெல்லாம் அந்த நிமிஷத்தில் எங்கேயோ போய்விட்டது. வண்டியைக் கிளப்பினால் தீப்பற்றிக்கொள்ளுமோ என்ற பயம் வேறு. தமக்கையாரின் மகனுக்குப் போன் செய்தோம். "மாமா, ஆட்டோவும் மெக்கானிக்கும் கூட்டிக்கொண்டு வருகிறேன்; அரை மணி ஆகும்" என்றான். ஆனது ஒரு மணி.

தாயார் பின் ஆசனத்தில் உட்கார்ந்திருந்தாள். "எப்படியிருக்கிறது, அம்மா?" என்று கேட்டோம். "எனக்கென்ன? நீ வண்டியைப் பார்" என்றாள். சரி, தாயார் சுகமாயிருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டு வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

சற்றுத் தூரத்தில் சாலையோரமாக ஒரு ஸ்திரீ நுங்கு விற்றுக்கொண்டிருந்தாள். அவள்தான் எழுந்து வந்து காருக்குள் எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் கூவினாள்: "ஐயா! ஆயாவுக்கு முகமெல்லாம் செவந்து கெடக்குது. ஒரு பொட்டு வேர்வை இல்லியே! நீ என்னாத்தப் பார்த்துக்கினு நிக்கிறே?"

பிறகு நடந்ததெல்லாம் அந்த அம்மாளின் கைங்கரியம். நுங்குக் குடத்தைக் குளிர வைக்க வைத்திருந்த ஈரக் கோணியை இருவருமாகப் பிடித்துத் தாயாரை மரத்தடியில் படுக்க வைத்து, தலையிலும் கழுத்திலும் அக்குளிலும் ஈரத் துணி போட்டு, விசிறி, நுங்கை வழித்து வாயிலே ஊட்டினாள். ஆட்டோ வந்து சேர்ந்தபோது தாயார் கண்ணைத் திறந்து பேசும் நிலைக்கு வந்திருந்தாள். வழியிலேயே ஒரு வைத்தியரிடம் காட்டி, ஊசி மூலம் திரவம் ஏற்றி, மாலையில் வீடு கொண்டு சேர்த்தோம். இரண்டு நாள் படுக்கையில் கிடந்தாள். அந்த இரண்டு இரவும் நமக்குத் தூக்கம் வரவில்லை. அந்த நுங்குக்காரி இன்னும் பத்து நிமிஷம் கழித்து எழுந்து வந்திருந்தால்?

அந்த நினைப்பை அதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

ஆட்டோவின் பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் வந்த மெக்கானிக், அறுபது வயதைத் தாண்டியவர். தொங்கிய பெல்ட்டை ஒரு கத்தியால் அறுத்து எடுத்துச் சுருட்டி வைத்துவிட்டு, காரைக் கிளப்பித் தாமே ஓட்டிக்கொண்டு போய்விட்டார்! பிற்பாடு நம்மிடம் சொன்னார்: "வாத்தியாரே, இந்த வண்டியில் ஏ.ஸி.க்கு மட்டும் தனி பெல்ட். அது போனால் ஏ.ஸி. மட்டும்தான் போகும், வண்டி ஓடும். அறுத்துப் போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்து ஓட்டியிருந்தால் இருபது நிமிஷத்தில் வீட்டுக்கு வந்திருக்கலாமே!" ஒரே பெல்ட் எல்லாவற்றையும் சுழற்றும் வண்டியாக இருந்தால் அப்படிச் செய்ய முடியாது என்பதையும் சொன்னார். இருபத்திரண்டு வருஷத்துக் காரில் எந்தப் பட்டை எதைச் சுழற்றுகிறது என்பதை அன்றுதான் நாம் தெரிந்துகொண்டோம்.

மோட்டாரில் ஏ.ஸி. வந்த ஆரம்ப காலத்து வேடிக்கை ஒன்று இங்கே ஞாபகம் வருகிறது. அமெரிக்காவில் பாக்கார்ட் கம்பெனியார் 1940-ஆம் வருஷத்து மாடலில்தான் முதன் முதலாகத் தொழிற்சாலையிலேயே ஏ.ஸி. வைத்து விற்றார்கள். அதில் கம்ப்ரஸரை நிறுத்தி ஓட்டுவதற்கு விசை கிடையாது. குளிர் வேண்டாமென்றால் எஞ்சினை நிறுத்தி, இறங்கி, மூடியைத் திறந்து, பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டும்! அந்தக் காலத்துச் சீமான்களுக்குத் தெரிந்திருந்த சங்கதி, இந்தக் காலத்து உபாத்தியாயருக்குத் தெரியவில்லை.

முதலில் பட்டணத்துப் பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றுக்குப் போன் செய்து விசாரித்தோம். "அந்த மாடலை நிறுத்தி எத்தனையோ வருஷமாகிறதே, சார்! டென்ஷனரை முழு செட்டாகத்தான் மாற்ற வேண்டும். அந்தச் செட் இப்போது வருவதில்லை. வண்டியை விற்றுவிடுங்கள்" என்றார்கள்.

அவர்கள் சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது. நம் செங்கற்பட்டுச் சீமையில் ஜி.எஸ்.டி. சாலையோரம் மோட்டார்த் தொழிற்சாலைகள் வருவதும் போவதும் புதிதல்ல. வண்டலூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு கார்கள் உற்பத்தியாயின; அது 1980-களின் இறுதியோடு ஓய்ந்தது. மறைமலை நகரில் ஃபோர்டு தொழிற்சாலையிலிருந்து 1999 முதல் கார்கள் வந்தன. இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அந்தக் கம்பெனி 2021-ல் அறிவித்தது. தொழிற்சாலைகள் கதவைச் சாத்திவிடுகின்றன. அவற்றில் பிறந்த வண்டிகள் மட்டும் ஊர் ஊராக ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை ஓட வைப்பவர்கள் யார்? சாலையோரத்துக் கொட்டகைகளில் கிரீஸ் படிந்த கைகளுடன் உட்கார்ந்திருக்கும் மேஸ்திரிகள்தாம்.

நம் மேஸ்திரியின் கொட்டகை மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக்கூடத்தின் அடுத்தாற்போல் இருக்கிறது. 1957-ஆம் வருஷம் அந்த ஊரில் சிற்பக் கலைக்கென்று அரசாங்கம் பள்ளி ஏற்படுத்தியது. இன்று அது கல்லூரி. ஊரெங்கும் உளிச் சப்தம் ஓயாது. நாம் போன சமயம் அடுத்த கூடத்தில் ஒரு ஸ்தபதி, புதிதாக வந்திறங்கிய கருங்கல்லைச் சுத்தியால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கல் எழுப்பும் நாதத்திலிருந்து அதில் விரிசலுண்டா, விக்கிரகத்துக்கு ஆகுமா என்று நிர்ணயிப்பது அவர்கள் மரபு. இந்தப் பக்கம் நம் மேஸ்திரியும் அதே காரியத்தைத்தான் செய்தார். முதலில் பழைய பெல்ட் ஒன்றை மாட்டி எஞ்சினை ஓடவிட்டார். நீண்ட ஸ்குரூ டிரைவரின் நுனியைச் சுழலாத போல்ட் தலைகளில் ஒவ்வொன்றாக வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கேட்டார். கம்ப்ரஸரில் வைத்தார்; தலையை ஆட்டினார். டென்ஷனரில் வைத்தார், கண்ணை மூடிக்கொண்டார். "இங்கேதான் அழுகிறது" என்றார்.

பெல்ட்டைக் கழற்றி, கப்பியையும் கழற்றி நம் கையில் கொடுத்தார். "சுத்திப் பாருங்கள், வாத்தியாரே!"

சுற்றினோம். ஆகா! என்ன அழகாகச் சுழன்றது! ஒரு தட்டுத் தட்டினால் பம்பரம்போல் நிற்காமல் சுழன்றுகொண்டேயிருந்தது. "நன்றாகத்தானே சுழல்கிறது, மேஸ்திரி? இதில் கோளாறு ஒன்றுமில்லையே?" என்றோம்.

மேஸ்திரி சிரித்தார். மூலையிலிருந்து ஒரு புதிய கப்பியை எடுத்துச் சுற்றினார். அது இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுச் சாதுவாக நின்றுவிட்டது. சப்தமே இல்லை.

"இதுதான் நல்லது. உள்ளே கிரீஸ் இருக்கிறது. அது பிடித்து நிறுத்துகிறது. உங்களுடையதில் கிரீஸ் வற்றிப் போச்சு. வெறும் குண்டுகள் வெறும் இரும்பில் உருள்கின்றன. பிடிக்க ஒன்றும் இல்லை. அதனால்தான் இந்த ஓட்டம். காதில் வைத்துக் கேளுங்கள்."

கேட்டோம். உள்ளே மணல் அரைபடுவதுபோல் இருந்தது. கப்பியைப் பிடித்து அசைத்தால் பல்லாடுவதுபோல் ஆடியது.

பிறகு மேஸ்திரி, நாம் எதிர்பார்த்தும் எதிர்பாராமலும் இருந்த கேள்வியைக் கேட்டார்: "இதை இவ்வளவு இறுக்கினது யார்?"

நாம் அடுத்த கூடத்திலிருந்த நந்தி விக்கிரகத்தைக் கவனமாகப் பார்த்தோம்.

"யாரோ நல்ல பலசாலி" என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். "பெல்ட் பழசாகிப் பளபளப்பேறி வழுக்கியிருக்கிறது; அதனால் கீச்சென்று கத்தியிருக்கிறது. பெல்ட்டை மாற்றியிருக்க வேண்டும். இறுக்கியதும் கத்தல் நின்றது. ஆனால் அந்தப் பாரம் முழுவதும் பேரிங் தலையில் வந்து விழுந்தது. அப்புறம் பேரிங் உறுமியிருக்கும். மறுபடியும் இறுக்கியிருக்கிறார்கள். பேரிங் தேய்ந்து, கப்பி சாய்ந்து, பெல்ட் ஓரமாக ஏறிக் கழன்றுவிட்டது."

நாம் செய்த இரண்டு 'ரிப்பேர்'களையும் கிட்டே நின்று பார்த்தவர்போல் அந்த மனிதர் சொல்லிக்கொண்டு போனார்.

"உப்புக்காற்றும் சேர்ந்துகொண்டது" என்று நமக்காகப் பரிந்து ஒரு வார்த்தையும் சொன்னார். கடலோரம் இராத் தங்கும் வண்டிகளில் பேரிங்கின் ரப்பர் மூடி கெட்டிப்பட்டால் ஈரமும் உப்பும் உள்ளே புகுந்து குண்டுகளை அரிக்குமாம். உப்பின் சக்தியை மாமல்லபுரத்தாருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கடற்கரைக் கோயிலிலேயே உப்பு கல்லின் நுண்துளைகளில் புகுந்து படிகமாகி, சிற்பங்களின் மூக்கையும் முழியையும் தின்றிருக்கிறது. தொல்பொருள் இலாகாவினர் காகிதக் கூழை ஈரமாகக் கல்லின் மேல் அப்பி, உப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். 1930-ல் வேதாரண்யத்தில் உப்பு நம் கட்சியில் இருந்தது. கார்களின் விஷயத்திலோ அது எப்போதும் எதிர்க்கட்சிதான்.

"முழு செட் கிடைக்காதாமே?" என்று கவலையுடன் கேட்டோம்.

"முழு செட் எதற்கு? கப்பி இரும்பு, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளே இருக்கும் பேரிங் மட்டும்தான் போச்சு" என்று சொல்லி, அழுக்கைத் துடைத்து அதன் விளிம்பிலே பொறித்திருந்த எண்ணைக் காட்டினார்: 6203.

நேயர்களே, அந்த எண்ணில் ஒரு பெரிய தத்துவம் அடங்கியிருக்கிறது. 6203 என்றால் உள் விட்டம் 17 மில்லி மீட்டர், வெளி விட்டம் 40, அகலம் 12. உலகத்தில் எந்த நாட்டில், எந்தக் கம்பெனி செய்தாலும் அளவு இதுதான். மோட்டார் சைக்கிளிலும், மின்சார மோட்டாரிலும், இன்னும் எத்தனையோ யந்திரங்களிலும் இதே அளவுள்ள பேரிங் சுழல்கிறது. காரின் மாடலை நிறுத்தலாம், கம்பெனியை மூடலாம், 6203-ஐ யாரும் நிறுத்த முடியாது. ஒரு காலத்தில் இந்தச் சிறு வளையத்துக்குக்கூட நாம் அந்நிய நாட்டுக் கப்பலை எதிர்பார்த்திருந்தோம். ஜயப்பூரில் 1946-ல் தொடங்கிய தொழிற்சாலையில் 1950-லிருந்து பேரிங்குகள் உற்பத்தியாயின. இன்று செங்கற்பட்டுக் கடைத்தெருவில் நாம் கேட்டவுடன் எடுத்துக் கொடுத்தார்கள். விலை 180 ரூபாய். பெல்ட்டுக்குத் தனியாகக் கொடுத்தோம். காரையே விற்கச் சொன்ன கோளாறுக்கு மருந்தின் விலை இவ்வளவுதான்!

மறுநாள் மேஸ்திரி வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தோம். கப்பிக்குள் பேரிங்கைப் பிடித்திருந்த வளையக் கம்பியை முதலில் நெருக்கி எடுத்தார். கப்பியை வைஸில் வைத்து, ஒரு பக்கம் சிறிய ஸாக்கெட்டும் மறு பக்கம் பெரிய ஸாக்கெட்டும் கொடுத்து மெல்ல முறுக்க, பழைய பேரிங் முனகிக்கொண்டே வெளியில் வந்தது. உட்புறத் துருவை எமரித் தாளால் தேய்த்துத் துணியால் துடைத்தார். புதிய பேரிங்கை ஏற்றும்போது பழைய பேரிங்கின் வெளி வளையத்தையே அதன் மேல் வைத்து அழுத்தினார்.

"வெளி வளையத்தில்தான் அழுத்த வேண்டும். உள் வளையத்தில் அழுத்தினால் அவ்வளவு பலமும் குண்டுகள் வழியாகப் போகும். ஓடுபாதையில் குழி விழும். புது பேரிங் மாட்டும்போதே செத்துப் போகும்" என்றார்.

எஞ்சின் நிமிஷத்துக்கு 2500 தடவை சுழன்றால், அதன் கப்பியில் பாதி விட்டமே உள்ள டென்ஷனர் 5000 தடவை சுழலும். மணிக்கு மூன்று லட்சம் சுற்று! கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு குழி அங்கே என்ன பாடுபடுத்தும் என்று நமக்கும் கணக்குப் போடத் தெரிந்தது. கணக்குப் போட மட்டும்தானே நமக்குத் தெரியும்?

கடைசியில் பெல்ட்டை மாட்டி, போல்ட்டைத் திருகி, இரண்டு கப்பிகளுக்கு நடுவில் பெல்ட்டைப் பெருவிரலால் அழுத்தினார். "நீங்களும் அழுத்திப் பாருங்கள். இந்த வண்டிக்கு, பலமாக அழுத்தினால் ஒரு சென்டி மீட்டர் தாழ வேண்டும். தாழவே இல்லையென்றால் பேரிங் போகும். அதிகம் தாழ்ந்தால் பெல்ட் போகும். நூறு கிலோ மீட்டர் ஓடிய பிறகு ஒரு தடவை வாருங்கள். புது பெல்ட் கொஞ்சம் இளகும். அப்போது மறுபடி பார்க்க வேண்டும்." சற்று நிறுத்திவிட்டு, "இனிமேல் சப்தம் வந்தால் நிறுத்தப் பார்க்காதீர்கள். எங்கேயிருந்து வருகிறது என்று பாருங்கள்" என்றார்.

கூலி 400 ரூபாய் வாங்கிக்கொண்டார். பாடத்துக்குத் தனியாக ஒன்றும் வாங்கவில்லை.

அன்று மாலை தாயாரின் கட்டிலருகில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னோம். இறுக்கினது நாம்தான் என்பதையும் ஒப்புக்கொண்டோம். தாயார் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ராட்டையிலும் அப்படித்தான்" என்றாள்.

"எந்த ராட்டையில்?"

"என் அப்பா நூற்பாரே, அந்த ராட்டையில். கயிறு தளர்ந்தால் கதிர் சுற்றாது. அதற்காக ரொம்ப இழுத்துக் கட்டினால் சக்கரம் கனத்துப் போகும், கதிர் சுடும். 'கயிறு பேசாமல் இருக்க வேண்டும், ஆனால் மூச்சு விட வேண்டும்' என்பார். எனக்கு எட்டு வயதில் கட்டக் கற்றுக் கொடுத்தார்."

நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அம்மா! பங்குனி மாதம் நான் அதை இறுக்கிவிட்டேன் என்று பெருமையடித்துக்கொண்டேனே? அப்போதே இதைச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ கேட்கவில்லையே" என்றாள் தாயார்.

அன்றைக்கு மரத்தடியில், "எனக்கென்ன?" என்று சொன்னபோது உண்மையில் எப்படியிருந்தது என்று கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "கண் இருட்டிக்கொண்டு வந்தது. நீ வண்டியோடு அல்லாடிக்கொண்டிருந்தாய். உன்னை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்று இருந்துவிட்டேன்" என்றாள்.

இருபது வருஷமாக நாம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறோம். பரீட்சை நெருங்கும்போது பத்தாம் வகுப்பில் சப்தம் எழும். அதை அடக்குவதில் நாம் பெயர் பெற்றவர்கள். இன்னும் கொஞ்சம் வீட்டுப் பாடம், இன்னும் ஒரு சோதனை, இன்னும் ஒரு கண்டிப்பு என்று இறுக்குவோம். வகுப்பு நிசப்தமாகிவிடும். "பாருங்கள், சப்தம் நின்றுவிட்டது!" என்று தலைமை ஆசிரியரிடம் மார்தட்டிக்கொள்வோம். அந்த நிசப்தத்தில் எத்தனை பிள்ளைகளின் தலையில் பாரம் ஏறிக்கொண்டிருந்தது என்பதை நாம் எந்தக் காதில் ஸ்குரூ டிரைவரை வைத்துக் கேட்டோம்? நன்றாகச் சுழல்கிறான் என்று நாம் மெச்சிக்கொண்ட பையன் எவனாவது உள்ளே வற்றிப்போய்ச் சுழன்றுகொண்டிருந்தானோ, யார் கண்டது? பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள் வகுப்பில் அந்தப் பழைய பேரிங்கைக் கொண்டுபோய் மேஜை மேல் வைத்தோம். பங்குனியில் சொன்ன வெற்றிக் கதையின் மிச்சத்தையும் சொன்னோம். இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை. ஆனால் வகுப்பு முடிந்ததும் மூன்று பேர் தயங்கித் தயங்கி வந்து, சென்ற வருஷத்துப் பாடத்திலேயே தங்களுக்குப் புரியாத இடங்களைச் சொன்னார்கள்.

ஆனி மாதம் தாயாரை மறுபடி வைத்தியரிடம் அழைத்துப் போனோம். திரும்பும்போது உச்சி வேளை. காரில் கீச்சுமில்லை, உறுமலுமில்லை. அந்தப் புளிய மரத்தருகே நிறுத்தி நுங்குக்கார அம்மாளைத் தேடினோம். நுங்குக் காலம் முடிந்திருந்தது, அவளைக் காணவில்லை. வெற்றிடத்தைப் பார்த்து மனத்துக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினோம்.

நாலு கிலோ மீட்டர் போனதும் பின் ஆசனத்திலிருந்து குரல் வந்தது.

"ஏண்டா, இதைக் கொஞ்சம் குறைத்து வைக்கக் கூடாதா? எனக்குக் குளிர்கிறது!"

எழுபத்தெட்டு வயதில் நம் தாயார் நம்மிடம் தனக்கென்று சொன்ன முதல் புகார் அதுதான். நாம் உடனே விசையைக் குறைத்தோம். அவ்வளவு இனிய சப்தத்தை அந்தக் காருக்குள் அதுவரையில் நாம் கேட்டதேயில்லை.